கொழுப்பு

போலீஸ் துணையோடு நகராட்சி லாரியில் ஏற்றிப்போன தன் பன்றிகளைத் திருப்பிக் கேட்க ஸ்டேஷனுக்குப் போனான் மாசானம். "ஏலே, பன்னி மேய்க்கிறவனுக்கு இவ்வளவு கொழுப்பா?" என்று காவலர்கள் அவனை உள்ளே இழுத்தார்கள். மறுநாள் மனைவி முப்பிடாதி அவனைப் பிணவறையில்தான் பார்த்தாள்.

"மாரடைப்பும்மா. ரத்தக்குழாயில கொழுப்பு அடைச்சிருக்கு," என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பன்னிக்கறி நிறையச் சாப்பிடுவாரோ?"

"அவுக வாயில வைக்கமாட்டாக சார். வித்து மிஞ்சுனாலும் பிள்ளைகளுக்குத்தான்."

அவள் வெள்ளைத் துணியை இடுப்புவரை விலக்கினாள். விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் லத்தித் தடங்கள் கருநீலமாகக் கன்றியிருந்தன.

"எந்த இடத்துல சார் கொழுப்பு? தொட்டுக் காட்டுங்க."

டாக்டர் வெளியே நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"பாடியை வாங்கிட்டுக் கிளம்பும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

முப்பிடாதி பிணவறை வாசலில் குறுக்கே உட்கார்ந்தாள்.