பள்ளிவாசல் தெரியுதா?

பள்ளிவாசலைக் காணவில்லை. மாடியில் நின்ற கொம்போ மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கடலுக்கு மேல் சாம்பல் நிறத் தூறல். அதற்குள் கறுப்பாக ஒரு திட்டு. மேகமா, தீவா என்று சொல்ல முடியவில்லை.

அந்தச் சின்ன விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வானிலை சொல்பவர் அவர்தான். காற்றை அளக்கக் கருவி உண்டு. பார்வைத் தூரத்துக்கு அவர் கண்தான் கருவி. எதிரே கிசூமே தீவில், பச்சைத் தோப்பை ஒட்டி, வெள்ளைவெளேரென்று பள்ளிவாசல், சரியாக ஐந்து கிலோமீட்டர். அது தெரிந்தால் விமானம் இறங்கலாம். தெரியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். நேற்று விமானம் இல்லாத நாள், அவர் மாடி ஏறவில்லை.

ரேடியோ கரகரத்தது. கேப்டன் நெய்மாவின் குரல். "கொம்போ அண்ணே, மேகத்துக்கு மேல சுத்திட்டிருக்கேன். பள்ளிவாசல் தெரியுதா?"

"இன்னும் இல்ல கேப்டன். கொஞ்சம் பொறுங்க."

"பத்து நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல பெட்ரோல் தாங்காது. டார் எஸ் சலாமுக்கே திரும்பிடுவேன்."

டாக்டரோடு அந்த விமானம் வந்ததே கொம்போவின் மகளுக்காகத்தான். ரையாவுக்கு எட்டாம் மாதம். விடியற்காலையில் ரத்தப்போக்கு கண்டு, மழை பிடிப்பதற்குள் கிசூமேயிலிருந்து படகில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். கீழே பயணிகள் கொட்டகையில், மரப் பெஞ்சில் கிடந்தாள்.

படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். நர்ஸ் சலாமா அவரைத் தனியே இழுத்துப்போனாள்.

"ரெண்டாவது துணியும் நனைஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணினாத்தான் தாயும் பிள்ளையும் தங்கும். பிளேன் என்னாச்சு?"

கொம்போ பெஞ்சுப் பக்கம் போனார். மாப்பிள்ளை ஷாமே மனைவியின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் நகக்கண்ணெல்லாம் பச்சை பெயின்ட். அதைப் பார்த்ததும் கொம்போவின் பயம் கோபமாகத் திரும்பியது.

"பொண்டாட்டி இப்படிக் கெடக்கா, நீ பெயின்ட் அடிச்சு விளையாடிட்டிருந்தியாக்கும்?"

"இல்ல மாமா, நேத்து இவ நல்லாத்தான் இருந்தா. மவுலிது விழா வருதேன்னு நாங்க எல்லாரும்..."

"வாயை மூடு!"

ரையா கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. "அப்பா, மேல சத்தம் கேக்குது. இறங்கிடும்ல?"

"இறங்கிடும்மா" என்றார். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் மேலே ஏறினார்.

பள்ளிவாசல் இல்லை. தூறல் மெலிந்திருந்தது போலத்தான் இருந்தது, ஆனாலும் வெள்ளையாக ஒரு பொட்டு கூடக் கண்ணில் படவில்லை.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், தன் தம்பி விமானத்தில் கல்யாணத்துக்கு வருகிறான் என்று, தெரியாத பள்ளிவாசலைத் தெரிகிறது என்று சொன்னார். விமானம் ஓடுபாதையை அடுத்த தென்னந்தோப்பில் விழுந்தது. நாலு பேரைப் பாயில் சுருட்டித் தூக்கியவர்களில் கொம்போவும் ஒருவர். பிற்பாடு அந்த நாற்காலிக்கு வந்த கொம்போ ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை. மந்திரி வந்த விமானத்தையே திருப்பி அனுப்பிய மனிதர்.

"அண்ணே, நேரமாச்சு. தெரியுதா, இல்லையா?"

நெய்மாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். போன பெருநாளைக்கு கொம்போ வீட்டுக்கு வந்து பிலாவ் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"தெரியுது கேப்டன்" என்றார். "அஞ்சு கிலோமீட்டர். இறங்குங்க."

"அப்பாடா! நீங்க சொன்னா சரிதான் அண்ணே."

அந்த வார்த்தை அவரை அறைந்தது. கை தானாக மைக்கை எடுத்தது. வேண்டாம், திரும்பிப் போ என்று ஒரு சொல் போதும். கீழே ரையா முனகுவது கேட்டது. மைக்கை வைத்துவிட்டார்.

இன்ஜின் சத்தம் மேகத்துக்குள் இறங்கியது, நெருங்கியது, தென்னந்தோப்புப் பக்கம் போனதும் சட்டென்று அடங்கிவிட்டது. கொம்போ கண்ணை இறுக மூடிக்கொண்டார். யா அல்லா, என் மகளுக்காக யாரைக் கொன்றேன்?

ஓடுபாதையில் டயர் கிறீச்சிட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ரையாவை விமானத்துக்குள் ஏற்றி ஊசியும் போட்டாகிவிட்டது. "சரியான நேரத்துக்கு வந்துட்டோம், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். ஷாமே பின்னாலேயே படியில் கால் வைத்தான்.

கொம்போ விமானியின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். மறைத்துக்கொண்டு உயிர் வாழ அவரால் ஆகாது.

"கேப்டன், நான் பொய் சொல்லிட்டேன். பள்ளிவாசல் எனக்குத் தெரியவே இல்ல. உங்க உயிரோட விளையாடிட்டேன். மேலதிகாரிகிட்ட சொல்லுங்க, என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன்."

நெய்மா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "என்னண்ணே உளர்றீங்க? மேகத்தை விட்டு வெளிய வந்ததுமே ஓடுபாதை முழுசாத் தெரிஞ்சுதே! எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது."

"எட்டா? அப்போ பள்ளிவாசல் எங்க போச்சு?"

படியில் நின்ற ஷாமே திரும்பிப் பார்த்தான்.

"அதைத்தான் மாமா சொல்ல வந்தேன். நேத்துப் பள்ளிவாசல் முழுக்கப் பச்சை பெயின்ட் அடிச்சுட்டோம்!"