நாற்பத்தொன்றாவது கேள்வி

பேனா முனை நாற்பத்தொன்றில் வந்து நின்றது.

சர்வே எடுக்க வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்பதுதான் பயிற்சி.

“கடந்த பன்னிரண்டு மாதங்களில், உங்கள் கணவர் உங்களை எப்போதாவது அடித்ததுண்டா?”

கீழே மூன்று கட்டங்கள். ஆம். இல்லை. பதில் சொல்ல விருப்பமில்லை.

எதிரே பாயில் வசந்தாமணி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் கிடைத்தாள். இதுவரை மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவள். வயது முப்பது. படிப்பு எட்டாவது. கல்யாணமாகி ஒன்பது வருடம்.

இப்போது பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தக் கூடாது. தலையாட்டக் கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

இது முப்பத்தேழாவது வீடு. முந்தைய முப்பத்தாறிலும் ‘இல்லை’. கேட்டு முடிப்பதற்குள் வந்து விழுந்த ‘இல்லை’.

இங்கே முழுதாக ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

வசந்தாமணியின் உதடு அசைந்தது.

கதவு திறந்தது.

புருஷன். கையில் கறுப்புப் பையில் கோழிக்கறி.

படிவத்தில் பக்கம் புரண்டது. பயிற்சியில் இருபது தடவை செய்து பார்த்த வேலை. யார் உள்ளே வந்தாலும் ஒரே நொடியில் மஞ்சள் தாளுக்குப் போய்விட வேண்டும். அதில் வெறும் சாப்பாட்டுக் கேள்விகள். வந்தவர் போகும்வரை அதையே கேட்க வேண்டும். போகாவிட்டால் முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

நாம் கிளம்பிவிடுவோம், அந்தப் பெண் அங்கேதான் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“வாரத்துல எத்தனை நாள் கீரை சேர்ப்பீங்க?” என்றாள் அவள். குரல் பிசகவில்லை.

அவன் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“ஏனுங் மேடம், சர்வேவா? எங்கிட்டக் கேளுங்க. இவளுக்கு ஆக்கத்தான் தெரியும். வாங்கிப் போடறது நானு.”

“கீரை...”

“ரெண்டு நாள்.”

“முட்டை?”

“தெனமும்னு எழுதிக்கோங்க. கவர்மெண்டு சந்தோசப்படட்டும்.”

சிரித்தான். வேடிக்கையான ஆள்தான். கேட்டவளுக்கே சிரிப்பு வந்தது. வந்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது.

பழம். பால். எண்ணெய். எல்லாவற்றுக்கும் அவனே பதில். ஒன்றிலும் தயக்கமில்லை.

மஞ்சள் தாள் தீர்ந்துபோனது.

அவன் எழுந்திருக்கவில்லை.

அவள் பேனாவை மூடினாள். ‘முழுமையடையவில்லை’ என்று ஓரத்தில் குறித்துவிட்டால் ஆயிற்று. பெரிய ஆய்வு. எத்தனையோ வீடுகள் இப்படி விட்டுப்போகும். கணக்கில் ஒரு குறையும் வராது.

“அப்ப நான் வரேங்க.”

“மேடம்.”

வசந்தாமணி.

“மொதல்ல ஒண்ணு கேட்டீங்களே. அதுக்கு நான் இன்னும் சொல்லலீங்களே.”

“அதென்னடி கேட்டாங்க?”

சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் மிச்சமிருந்தது.



வசந்தாமணி எழுந்தாள். நேராகக் கதவுக்குப் போனாள். ஓடப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

ஓடவில்லை. கதவை அகலத் திறந்தாள். மூலையில் இருந்த காலி சிலிண்டரை உருட்டி வந்து, கதவு திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்தாள்.

வெளியே, ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளின் பொதுக் குழாய். வரிசையில் குடங்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள்.

“ஏ வசந்தா, இன்னிக்குக் கோழியாமா? எங்களுக்கெல்லாம் கொழம்பாச்சும் உண்டா?”

குழாயடி சிரித்தது.

வசந்தாமணி சிரிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“இப்பக் கேளுங்க மேடம். மெதுவாக் கேக்காதீங்க.”

விதி தெளிவாக இருந்தது. வேறொரு ஆள் இருந்தால் கேட்கக் கூடாது. இங்கே ஒரு ஆள் இல்லை, ஒரு லைனே இருந்தது.

கதவு மூடியிருந்தால்தான் பத்திரம் என்று நம்பி, நல்ல மனதோடு எழுதிய விதி.

இந்தக் கதவு ஒன்பது வருடமாக மூடித்தான் இருந்திருக்கிறது.

கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டான்.

“உள்ள வாடி.”

வசந்தாமணி அசையவில்லை. அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வே எடுக்க வந்தவள் படிவத்தைக் கையில் எடுத்தாள். மஞ்சள் தாளைப் புரட்டினாள். பேனாவைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கடந்த பன்னிரண்டு மாதங்களில், உங்கள் கணவர்...”

அறைக்குள் மட்டும் கேட்கும் குரல் அல்ல அது.

குழாயடியில் பேச்சு நின்றது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

எட்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு மணி நேரம் வருகிற நல்ல தண்ணீர்.

யாரோ குழாயை மூடினார்கள்.