இன்றைக்கும் கேட்கவில்லை

மாடி வீட்டம்மா மறுபடியும் போன் கேட்டு வந்து நின்றாள்.

டைலரக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "மக வாங்கிக் கொடுத்த போன் உங்க கையிலயே பளபளன்னு இருக்கு. என்னோட ஓட்டைப் போன் எதுக்குக்கா உங்களுக்கு?"

"இது சரியான வாயாடி, தங்கச்சி. எல்லாத்தையும் அவகிட்டப் போய்ச் சொல்லிடும்."

விஷயம் இதுதான். தூரத்து ஊரில் இருக்கும் மகள் போனை வாங்கி அனுப்பும்போதே தன் போனில் இருக்கிற அதே கணக்கையே அதிலும் போட்டு அனுப்பியிருந்தாள். பாஸ்வேர்டு அது இது என்று அம்மா அல்லாட வேண்டாமே என்ற எண்ணம். ஒரு தரம் முட்டிவலிக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்று மாடி வீட்டம்மா அந்தப் போனிடம் வாய்விட்டுக் கேட்டாள். மறுநாளே மகள் கூப்பிட்டு, முட்டி வலிக்கிறதை ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டாள். அவள் போனைத் திறந்தால் ஒரே முட்டி எண்ணெய் விளம்பரமாம்.

"சாமிகிட்ட சொன்னா சாமியோட நிக்கும். இதுகிட்ட சொன்னா ஊருக்கே போயிடுது" என்று மாடி வீட்டம்மா அன்றைக்குச் சிரித்தாள்.

முட்டிவலி என்றால் சிரித்துவிடலாம். இப்போது வந்திருப்பது கேன்சர்.

மகளோ முழுகாமல் இருக்கிறாள். போன தடவை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால் டாக்டராவது ஒன்றாவது, அடுத்த வண்டியிலேயே கிளம்பிவிடுவாள். குழந்தை பிறக்கிறவரை அவளுக்குத் தெரியவே கூடாது.

அதனால் மருந்தின் பெயர், அதை ஏற்றினால் வாய் ஏன் புண்ணாகிறது, என்ன சாப்பிட்டால் வயிற்றில் நிற்கும், எல்லாமே டைலரக்கா போனில்தான். விஷயம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிக்குத் துணையும் அவள்தான்.

ஆனால் டைலரக்காவுக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை.

மகள் தினமும் கூப்பிடுவாள். கால் வீங்கியிருப்பதைச் சொல்வாள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைச் சொல்வாள். புருஷன் சமையலில் உப்பில்லாததை வாய் ஓயாமல் சொல்வாள். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று மட்டும் ஒரு வார்த்தை வராது.

பேசி முடித்ததும் மாடி வீட்டம்மா கண்ணை மூடிக் கைகூப்புவாள்.

"இன்னிக்கும் கேட்கல. சாமி காப்பாத்திட்டார்."

கேட்டால் அவள் மாட்டிக்கொள்வாள்தான். பஸ்ஸில் மகளின் வயதை ஒரு வருஷம் குறைத்துச் சொல்ல வாய் வராமல் முழு டிக்கெட் வாங்கின மனுஷி அவள்.

"சாமியை எதுக்குக்கா நடுவுல இழுக்கறீங்க? அவளுக்கே அக்கறை இல்ல" என்று டைலரக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பிள்ளைத்தாச்சிக்குத் தன் உடம்பைத் தூக்கிக்கிட்டு நடக்கறதே பெரும்பாடு. விடு, தங்கச்சி."

டைலரக்கா விடவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்தவள் அவள். அந்தச் சின்ன வாய் "சித்தி, சித்தி" என்று மெஷினைச் சுற்றி வந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. வளர்ந்தால் இப்படியா ஆகிவிடுவார்கள்?

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மாடி வீட்டம்மா தூங்கிவிட்டாள். தலையில் சுற்றியிருந்த துணி நழுவி, முடி கொட்டின தலை தெரிந்தது. டைலரக்கா துணியை இழுத்து மூடிவிட்டாள்.

தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அதை விட்டுவிட்டு வரமாட்டாள் மாடி வீட்டம்மா. "அவ கூப்பிட்டு நான் எடுக்கலேன்னா பயந்துடுவா" என்பாள்.

டைலரக்கா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அம்மா தூங்குகிறாள் என்று சொன்னாள்.

"சரி சித்தி, எழுப்ப வேண்டாம்" என்றாள் மகள். அவ்வளவுதான்.

டைலரக்காவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பட்டப்பகல்ல தூங்கறாங்கன்னு சொல்றேன். ஏன்னு கேட்க மாட்டியா நீ? உன் காலு, உன் வயிறு, பக்கத்து வீட்டு நாய். பெத்தவ உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் உடைத்துவிட்டோமோ என்று பயந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"இன்னிக்கு மருந்து ஏத்தறப்ப வாந்தி எடுத்தாங்களா, சித்தி?"

"உனக்கு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. அம்மா போன் எங்கே போனாலும் அந்த இடம் என் போன்ல வந்து நிக்குது. அவங்க ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் என்கிட்ட கேட்குது, 'நீங்க போன கேன்சர் ஆஸ்பத்திரி எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க'ன்னு. முதல் தடவை பார்த்தப்போ வாயில துணியை வெச்சுக்கிட்டு அழுதேன். இப்ப அழறதும் இல்ல. வயித்துல இருக்கறதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

உள்ளே, அந்த வாயாடிப் போனுக்குப் பயந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்திருந்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை கேட்கல?" என்றாள் டைலரக்கா. "கேட்டிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்தாவது அழுதிருக்கலாமே."



"கேட்டா, எனக்காக அம்மா பொய் சொல்ல வேண்டியிருக்குமே, சித்தி."