நாற்பத்தொன்றாம் பயணி

எஸ்டேட்டிலிருந்து அணை நீரைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் நாற்பது பேர்தான் ஏறலாம். ஓட்டுநர் கிடையாது. படகே எண்ணிக்கொள்ளும். அன்று சரியாக நாற்பது பேர் இருந்தார்கள்.

பாதி வழியில், பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பவுலினுக்குக் குழந்தை பிறந்தது. அது அழுததும் படகு நின்றது.

"பயணிகள் நாற்பத்தொன்று. ஒருவர் இறங்கினால் புறப்படும்" என்றது படகு.

"வயித்துக்குள்ள இருந்ததுதானே வெளிய வந்திருக்கு? எடை எங்க கூடுச்சு?" என்று கத்தினான் அவள் கணவன் செபஸ்தியான்.

படகு அதையே திரும்பச் சொன்னது. பவுலினுக்கு ரத்தம் நிற்கவில்லை.

"யாருக்காச்சும் நீச்சல் தெரியுமாண்ணே?" என்று கேட்டான் செபஸ்தியான்.

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். "பெத்தவன் நீதானப்பா" என்றாள் ஒருத்தி, மெதுவாக.

அவன் மிதவைச் சட்டை கேட்டான். மூழ்கினால் மட்டுமே தரப்படும் என்றது படகு.

செபஸ்தியான் தன் சட்டையைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றினான். தேயிலைக் காட்டில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. அவன் தண்ணீரில் விழுந்ததுமே படகு புறப்பட்டுவிட்டது.