மூன்றாவது இன்டர்வியூ

"இது மூணாவது தடவை அத்தான்! உங்களை வெச்சு ஓசியில வேலை வாங்கறாங்க. இதுகூடவா உங்களுக்குப் புரியல?"

மச்சான்காரனுக்குப் பொறுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே என்று இரண்டு வாரமாக வாயை அடக்கி வைத்திருந்தான். இன்று கத்தியே விட்டான்.

அவரோ கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஒரு பெரிய பேக்கிங் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டி, மெஷின்கள் அத்தனைக்கும் பொறுப்பாளராக உயர்ந்தவர். கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிறது. அக்காவின் பள்ளிக்கூட ஆபீஸ் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

எங்கே போனாலும் ஒரே பாட்டுதான். "உங்க தகுதிக்கு இது ரொம்பச் சின்ன வேலை சார். ரெண்டே மாசத்துல விட்டுட்டுப் போயிடுவீங்க."

"பயோடேட்டாவுல பாதியைத் தூக்குங்க. தலைக்கு டை அடிங்க" என்று மச்சான்காரன் ஏற்கெனவே யோசனை சொல்லிப் பார்த்தான்.

"உழைச்ச வருஷத்தை ஒளிச்சு வைக்கறதா? நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்று சிரித்துவிட்டார்.

இப்போது கூப்பிட்டிருப்பது ஒரு அட்டைப்பெட்டி கம்பெனி. சூப்பர்வைசர் வேலை. முதல் இன்டர்வியூவில், "ஒரு சின்ன டெஸ்ட் சார்" என்று பசை ஒட்டும் மெஷினைக் காட்டினார் முதலாளி. ஒரு மாதமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்ததை அரை நாளில் ஓட வைத்தார் இவர். "சொல்லி அனுப்பறோம்" என்றார் முதலாளி. சொல்லித்தான் அனுப்பினார், இரண்டாவது இன்டர்வியூவுக்கு. அன்று கன்வேயர் பெல்ட்.

மச்சான்காரன் விசாரித்துவிட்டான். இவருக்கு முன்னால் நாலு அனுபவசாலிகள் அங்கே இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறார்கள். ஆளுக்கொரு மெஷினைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, தகுதி அதிகம் என்ற பட்டத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

இது போதாதென்று நேற்று முதலாளி போன் செய்தபோது, "அப்படியே அந்த அட்டை வெட்டுற பிரஸ்ஸையும் பார்த்துடறேன் சார்" என்று இவரே வலியப் போய்ச் சொல்லியிருக்கிறார்!

"அந்த ஆள் மறந்தாலும் நீங்க எடுத்துக் கொடுக்கறீங்க! வேலை இல்லன்னா மனுஷன் இவ்வளவு இறங்கணுமா?"

அக்கா தம்பியை முறைத்தாள். அவர் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வண்டியை எடு மச்சான். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

கம்பெனி வாசலில் மச்சான்காரன் ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தான். இரண்டு மணிக்கு மேல் அவர் வந்தார். சட்டைக் கையெல்லாம் கிரீஸ்.

"என்ன சொன்னாங்க?"

"தகுதி அதிகமாம்."

"நான் சொன்னேனா இல்லையா? உள்ள போய் நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரேன்!"

அவன் வண்டியை விட்டு இறங்குவதற்குள், கம்பெனி உடுப்போடு ஒரு பெண் கேட்டைத் தாண்டி ஓடிவந்தாள்.

"சார், சொல்லாமலே கிளம்பிட்டீங்களே!" என்று மூச்சு வாங்கியவள், மச்சான்காரனைப் பார்த்தாள். "சாருக்குச் சொந்தமா? நான்தாண்ணே அந்தப் பிரஸ்ஸை ஓட்டறேன். முன்கதவைத் திறந்தா அது தானா நிக்கணும். அட்டை அடிக்கடி சிக்கும், ஒவ்வொரு தடவையும் நிறுத்தினா நேரம் போகுதுன்னு முதலாளி அந்த சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டிட்டார். ஓட ஓடக் கையை உள்ள விட்டுத்தான் அட்டையை எடுப்போம். எனக்கு முன்னாடி இருந்த அக்காவுக்கு ரெண்டு விரல் போயிடுச்சு."

மச்சான்காரன் அத்தானின் சட்டைக் கையில் இருந்த கிரீஸைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னைக்கு சார் சரிபண்ணதுக்கு அப்புறம் ஒரு அட்டைகூட சிக்கல. கதவைத் திறந்தா டக்குனு நின்னுடுது."

"என் நம்பர் இருக்கில்லம்மா? ஏதாவது தகராறு பண்ணா உடனே போன் போடு" என்றார் அவர்.

அவள் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"முதலாளி மறுபடியும் கம்பி கட்டிட்டா?" மச்சான்காரனின் குரல் இறங்கியிருந்தது.

"கட்ட மாட்டார். முன்னைவிடப் பெட்டி ஜாஸ்தியா வருது. நல்லா ஓடற மெஷின்ல எந்த முதலாளியும் கை வைக்க மாட்டான்."

"அப்போ உங்க வேலை?"

"திங்கட்கிழமை வேற இடத்துல கூப்பிட்டிருக்காங்க. கிடைக்கும்டா. என்னை வேணாம்னு சொன்னா நஷ்டம் அவங்களுக்குத்தான்."

காலையில் பேசிய பேச்சை நினைத்து மச்சான்காரனுக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைக் கிளப்பாமல் கேட்டான்.

"இவங்க ஏமாத்தறாங்கன்னு உங்களுக்கு எப்ப அத்தான் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். அந்த சுவிட்சைப் பத்தியும் அன்னைக்கே சொன்னேன். முதலாளி காதுலயே போட்டுக்கல."

"அப்புறம் ஏன் அத்தான் இன்டர்வியூ, இன்டர்வியூன்னு திரும்பத் திரும்ப வந்தீங்க?"

அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்டர்வியூன்னு வந்தாத்தானே மச்சான் உள்ள விடறாங்க!"