ஹேரத் துரையின் காதுப்பெட்டி

"உத்தியோகத்தில இருக்கிறவன் காதை..." என்று அப்பா ஒன்று சொல்வார். மீதி இராமநாதனுக்கு மறந்துவிட்டது. திறந்து வைக்கணும் என்றாரா, மூடி வைக்கணும் என்றாரா?

எப்படியானாலும், ஹேரத் துரை மூடித்தான் வைத்திருந்தார்.

1955. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனம் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுக்களுக்குக் கண்டியில் விசாரணை. தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை இராமநாதன் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை கேட்டு எழுத வேண்டும். இராமநாதன் இந்த வேலைக்கு வந்து நாலு நாள்தான்.

துரைக்குக் காது கேட்காது. சட்டைப் பையில் சிகரெட் டின் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு வயர். வயர் முனையில் காதுக்குள் செருகிய பொத்தான். அதை மாட்டாமல் விசாரணை நடத்த அவருக்கு அனுமதி இல்லை.

"இந்தியாவுக்குப் போனீங்களா? எவ்வளவு காலம் இருந்தீங்க?"

தெல்தோட்டையிலிருந்து வந்த அழகமுத்துவுக்கு முகம் மலர்ந்தது. "போகாமலாங்க? ஆத்தா சாவுக்குப் போனேன். சித்திர, வைகாசி, ஆனி..." கட்டைவிரலை விரல் கணுக்களில் ஓட்டி எண்ணத் தொடங்கினார்.

டிக்.

துரையின் விரல் பெட்டியின் சுவிச்சில் இருந்தது. இராமநாதன் இங்கிலீஷில் சொன்ன எதற்கும் அவர் முகம் அசையவில்லை.

"பற்றரி சரியில்லை. தோட்டத்துக் கடிதம் ஒழுங்காக இருக்கு, அது போதும். அடுத்த கேள்வி."

இன்றைக்கு இது மூன்றாவது தரம். ஏழைகள் வாயைத் திறந்தால் துரைக்குப் பற்றரி போய்விடுகிறது!

"ரிப்பேருக்குக் குடுக்கட்டுமா, சேர்?" பெட்டி திரும்ப உயிர்பெற்றதும் இராமநாதன் கேட்டான்.

"உம்முடைய வேலையைப் பாரும்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு துரை பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கதிரையிலேயே கண் அயர்வார். அந்த அரை மணி நேரத்தில் இராமநாதன் அதை எடுத்துக்கொண்டு காசல் வீதி ரேடியோ கடைக்கு ஓடினான்.

கடைக்கார ஜமால்தீன் பின்மூடியைத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் மூன்று கண்ணாடி வால்வுகள். வால்வைச் சூடாக்க ஒரு பற்றரி, சத்தத்தைப் பெருக்க இன்னொன்று. முன்தகட்டின் ஓட்டைகளுக்குப் பின்னால் மைக்.

"ஒரு கொறையும் இல்ல தம்பி. வால்வு மூணும் எரியிது. பற்றரி புத்தம் புதுசு."

"புதுசா?"

"போன கிழமை போட்ட மாதிரி ஈக்கிது. சுவிச்சுதான் தேஞ்சி போயிருக்கு. ஒரு நாளைக்கு நூறு தரம் நிப்பாட்டினாத்தான் இப்பிடித் தேயும். என்ன மனுசன்பா இவர்?"

"மனுசனா? சனத்தோட வாழ்க்கை அந்த மேசையில கிடக்குது, ஜமால்தீன் நானா. இவருக்கு அதைக் கேக்கக்கூட மனசில்ல."

"புதுச் சுவிச்சு சீமையில இருந்து வரணும். வயர நேரா ஒட்டி விடவா? பொறகு நிப்பாட்ட ஏலாது. கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

"ஒட்டுங்க. அவருக்கு அதுதான் வேணும்."

துரை விழிக்கும்போது பெட்டி மேசையில் இருந்தது.

பின்னேரம் முதல் ஆளாக ஹந்தானை கறுப்பையா வந்தார். தோட்டத்தில் முப்பது வருஷம். மனைவியின் பெயரும் நாலு பிள்ளைகளின் பெயரும் அந்த ஒரே மனுவில்.

"இந்தியாவுக்குப் போனீங்களா? எவ்வளவு காலம்?"

"போனேங்க. தங்கச்சியக் கட்டிக் குடுக்க. கல்யாணம்னா சும்மாவா? ஆடி, ஆவணி..." கட்டைவிரல் கணு மாறியது.

டிக்.

துரை நெற்றியைச் சுருக்கினார். டிக், டிக்.

"பதினாலு மாசம் இருந்து, எல்லாச் சீரும் செஞ்சிட்டுத்தான் கப்பல் ஏறினேன்!" கறுப்பையா நிமிர்ந்து நின்று சொன்னார்.

இராமநாதன் பெட்டியைப் பார்த்து, உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "பதினாலு மாதம், சேர்."

துரை பேனாவை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்து எழுதினார்.

"ஒரேயடியாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்குச் சட்டம் இடம் தராது. மனு தள்ளுபடி. அவருக்குச் சொல்லும்."

இராமநாதன் கறுப்பையாவின் பக்கம் திரும்பினான்.

"என்னங்க ஐயா, தொரை கோவிச்சுக்கிட்டாரா?" கறுப்பையா மடியைத் தடவினார். "கல்யாணப் போட்டோ கொண்டாந்திருக்கேன். காட்டவா?"

அவரிடம் எப்படியோ சொல்லி முடித்தான். அவர் போட்டோவை மடியில் திரும்பச் செருகிக்கொண்டு, துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

துரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் தொட்டது?"

"நான்தான், சேர்."

அவர் கோபப்படவில்லை. "காதில் விழுந்ததை எழுதாமல் விட எனக்குக் கை வராது, இராமநாதன். சத்தியம் செய்த கை." பெட்டியின் சுவிச்சைத் தடவினார். "அது காதில் விழாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் எனக்குத் தெரிந்தது."

கதவுக்கு வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

அடுத்து, கம்பளைப் பக்கத்திலிருந்து பாலம்மா. இடுப்பில் பேரப்பிள்ளை.

"இந்தியாவுக்குப் போனீங்களா? எவ்வளவு காலம்?"

"போனேன் சாமி, புருசன் செத்த பொறகு. தை, மாசி, பங்குனி..."

கட்டைவிரல் நாலு விரலின் பன்னிரண்டு கணுவையும் தொட்டு முடித்து, மறுபடி முதல் கணுவுக்கு வந்தது.

துரை சுவிச்சைத் தொடவில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

இராமநாதன் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்.

"ஆறு மாதம், சேர்."