பச்சைப் புள்ளி

நைஜீரியாவின் பெனின் நகரில் மின்சாரம் போனால் தெருவே திட்டும். திரும்பி வந்தால் தெருவே கூச்சல் போட்டுக் கொண்டாடும். போவதற்காகக் காத்திருக்கும் ஒரே கிறுக்கன் நான்தான்.

மகன் எகோசாவின் பழைய கம்ப்யூட்டர், மின்சாரம் போன பிறகும் ஒன்பது நிமிடம் அணையாது. அப்போது மட்டும் சாட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். ‘எழுதுகிறார்’ என்று காட்டும். பிறகு திரை இருண்டுவிடும். ஐரோப்பாவுக்குப் போக லிபியாவில் அவன் ஏறிய படகு மூழ்கி இரண்டு வருடம் ஆகிறது.

“பேட்டரியே இல்லாத பெட்டி எப்படிண்ணே ஒன்பது நிமிஷம் ஓடும்? காலையிலேயே பனங்கள்ளா?” என்றான் யுபிஎஸ் விற்கும் ஊயி.

“ஒன்பது நிமிஷத்துல என் புள்ளை என்னத்த எழுதி முடிப்பான்? அவன் டைப் அடிக்கிறது ஆமை நடையாச்சே! வாங்கித் தொலைங்க” என்றாள் மனைவி இசோகென்.

வாங்கினேன். மறுநாள் மதியம் மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சிட்டது. ஒன்றரை மணி நேரம் அவன் எழுதிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு வரி வந்தது.

“அப்பா, இங்க ஒரே இருட்டா இருக்கு. கரண்ட் எப்ப வரும்?”

டைப் அடிப்பதில் அவன் என்னைக் கொண்டு பிறந்தவன். ‘வந்துடும்’ என்று நான் பாதி தட்டுவதற்குள் தெரு கூச்சலிட்டது. மின்சாரம் வந்துவிட்டது. புள்ளி அணைந்துவிட்டது.